தொடரும் என்ற சொல்லுக்குள் இருக்கும் ஓட்டைகள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் சின்னப் பழுவேட்டரையராக வரும் காலாந்தக கண்டர் என்று ஒருவர் பழுவூர்க் கோயில்களின் கல்வெட்டுகளில் இல்லை. குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்று தலைமுறை தலைமுறையாகப் பழுவேட்டரையர்கள் அங்கே வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் பாண்டியனும் ஈழத்துப் படையும் சேர்ந்து வந்தபோது வெள்ளூரில் நடந்த போரில் சோழர் பக்கம் நின்றவர் கண்டன் அமுதன். அந்தச் செய்தியைத் தாங்கி நிற்பது கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில். பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளைப் பற்றி அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயன் அவள் வயிற்றில் பிறந்தவன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், சுந்தர சோழன் மகன் ராஜராஜன். அப்படியானால் பழுவூர்க்காரர்கள் ராஜராஜனுக்குப் பாட்டனாரைப் பெற்றவளின் வீட்டார். தமிழ் வாசகருக்குத் தெரிந்ததோ பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்ற அண்ணன் தம்பி இருவரை மட்டுமே. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூரில் இறங்கி, அரண்மனை எங்கே, சுரங்கப்பாதை எங்கே என்று கேட்பவர்கள் அந்த இருவரைத் தேடித்தான் வருகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு கல்கி தவறு செய்துவிட்டார் என்று வாதிடுபவர்களைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதே குரல், ஏறக்குறைய அதே சொற்களோடு, அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்களிடமும் கேட்கிறது. போன வாரம் முடியாது என்றார்கள், இந்த வாரம் எப்படி முடிந்தது? மூன்றாம் பகுதியில் செத்தவர் இருபதாம் பகுதியில் எப்படி வந்தார்? லாஜிக் இடிக்கிறதே! வாரந்தோறும் நீளும் கதை, அது அச்சில் வந்தாலும் திரையில் வந்தாலும், ஒரே விதமான ஓட்டைகளைத்தான் பெறுகிறது. அவற்றில் எது உண்மையான ஓட்டை, எது வெறும் கீறல் என்பதைப் பார்த்துப் பிரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லாப் பிழையையும் ஒரே தராசில் நிறுப்பது கதைக்கும் நியாயமில்லை, வாசகருக்கும் நியாயமில்லை என்பது என் கருத்து.

முதலில் எல்லோரும் அறிந்த ‘ஸ்டார் ட்ரெக்’. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய இத்தொடரின் தொடக்க காலப் பகுதி ஒன்றில் கேப்டன் கிர்க்கின் பெயர் கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று இருக்கும். பின்னால் அவர் ஜேம்ஸ் டி. கிர்க் ஆகிவிட்டார். இதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல. என்னைக் கேட்டால் இது ஓட்டையே அல்ல, தூசி. தொடர் இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருந்த நாளில் விழுந்த எழுத்து. கதையில் யாருடைய விதியும் அந்த ஓர் எழுத்தால் மாறவில்லை.

இன்னொன்று கொஞ்சம் சுவையானது. 1967 பிப்ரவரியில் வந்த பகுதியில் கான் என்ற எதிரி கிர்க்கின் விண்கப்பலுக்கு வருகிறான். செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞன் தொடருக்குள் நுழைந்தது அதே ஆண்டு செப்டம்பரில். 1982-இல் வந்த திரைப்படத்தில் கான், செக்கோவைப் பார்த்தவுடன் முகத்தை மறக்கவில்லை என்கிறான். பார்த்ததே இல்லையே, எப்படி நினைவிருக்கும்? செக்கோவாக நடித்த வால்டர் கேனிக் ரசிகர் கூட்டங்களில் இதற்குச் சொன்ன சமாதானம், கான் கழிவறைக்குப் போக வந்தபோது உள்ளே தான் வெகுநேரம் இருந்துவிட்டதாகவும் அந்தக் கோபத்தில் முகம் பதிந்துவிட்டதாகவும். ரசிகர்களோ, திரையில் காட்டாத ஏதோ ஒரு கீழ்த்தளத்தில் செக்கோவ் அப்போதும் வேலை பார்த்தான் என்று முடித்துக்கொண்டார்கள். கப்பலில் 400 பேருக்கு மேல் இருக்கும்போது அதில் ஒருவனை நாம் பார்க்காமல் விட்டது பெரிய அதிசயமில்லை. வாசகரே எளிதில் அடைத்துவிடக்கூடிய இடைவெளி கதைக்குக் கேடு செய்வதில்லை.

ஆனால் அதே தொடரின் 1966 அக்டோபர் பகுதி ஒன்று என்னை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்கவைத்தது. ஆட்களை ஓரிடத்திலிருந்து மறைத்து இன்னோரிடத்தில் தோன்றச்செய்யும் கருவி பழுதாகிவிடுகிறது. கீழே கிரகத்தில் கப்பல் அதிகாரி சூலுவும் மற்றவர்களும் உறைபனியில் உயிருக்குப் போராடுகிறார்கள். மேலே கப்பல் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. சிறு ஓடம் ஒன்றை அனுப்பி அவர்களைத் தூக்கி வந்திருக்கலாமே என்று பார்க்கும் எவருக்கும் தோன்றும். அப்படி ஓர் ஓடம் அந்தக் கப்பலில் உண்டு என்பது 1967 ஜனவரியில் வந்த பகுதியில்தான் தெரிகிறது. காரணம் கதையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அக்டோபரில் ஓடத்துக்கான செட் கட்டப்படவில்லை. விளையாட்டு மாதிரிகள் விற்கும் ஏ.எம்.டி. என்ற நிறுவனம், அந்த ஓடத்தின் பொம்மையை விற்கும் உரிமைக்கு ஈடாக முழு அளவு ஓடத்தைச் செய்துகொடுத்த பிறகே அது திரைக்கு வந்தது. ஆளை மறைத்து அனுப்பும் கருவியே கூட இப்படிப் பிறந்ததுதான்: வாரம் ஒரு கிரகத்தில் பெரிய கப்பலை இறக்கிக் காட்டக் காசு போதவில்லை. பணம் இல்லாததால் ஒரு கருவி வந்தது. அந்தக் கருவி இருப்பதால் பின்னால் வந்த எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும், ஆபத்தில் இருப்பவர்களைச் சட்டென்று ஏன் தூக்கிவிடவில்லை என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. மின்புயல், கனிமத் தடை, எதிரியின் கவசம் என்று அந்தக் காரணங்கள் வரிசையாக வந்தன.

ஓட்டையைக் கண்டதும் எழுத்தாளரின் கவனக்குறைவு என்று முத்திரை குத்துபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தொடரின் பிழைகளில் பெரும்பகுதி தயாரிப்புச் சூழலின் தழும்பு. கிளிங்கான் இனத்தாரின் நெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் அவர்கள் முகத்தில் கறுப்பு பூசிய மனிதர்கள். 1979 திரைப்படத்தில் ஒப்பனைக்குப் பணம் கிடைத்தது, நெற்றியில் எலும்பு மேடு முளைத்தது. 1996-இல் ஒரு கதை பழைய காலத்துக்கே போய்ப் பழைய கிளிங்கான்களை நேரில் சந்திக்க வைத்தபோது, புதிய நெற்றி கொண்ட வோர்ஃப், அதைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறான். அத்தோடு விட்டிருக்கலாம். 2005-இல் இரண்டு முழுப் பகுதிகளைச் செலவிட்டு, மரபணு மாற்றம் என்றும் நோய் என்றும் விளக்கம் எழுதினார்கள். அந்த விளக்கம் கெட்டிக்காரத்தனமானது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பனை அறையின் வரவு செலவுக்குக் கதையில் பரிகாரம் தேடுவது வேலையற்ற வேலை. வோர்ஃபின் ஒரு வரி போதும்.

இனி உண்மையான ஓட்டைக்கு வருகிறேன். 1995-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ கதை இது: ஒரு கப்பல் 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தூக்கி எறியப்படுகிறது. வீடு திரும்ப 75 ஆண்டுகள் ஆகும். வழியில் துறைமுகம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, துணையில்லை. தொடக்கத்திலேயே ஒரு பாத்திரம், கைவசம் 38 டார்பிடோக்கள் மட்டுமே, தீர்ந்தால் வேறு கிடையாது என்று சொல்கிறான். பார்ப்பவர் மனத்தில் அந்த எண் பதிகிறது. அதன்பின் ஏழு பருவங்களில் அதைவிட மிக அதிகமாகவே சுட்டுத் தீர்த்தார்கள். சிறு ஓடங்கள் நொறுங்கிக்கொண்டே இருந்தன, அடுத்த வாரம் புதிதாக வந்துகொண்டே இருந்தன. ஒரு வாரம் கப்பல் கந்தலாகும், மறுவாரம் பளபளக்கும். இங்கே உடைந்தது எண்ணிக்கை மட்டுமல்ல. பற்றாக்குறைதான் இந்தக் கதையின் உயிர் என்று தொடரே முதல் நாளில் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைத்தான் மீறியது. கதை தானே இட்ட விதியை, அந்த விதியில்தான் பாத்திரங்களின் அச்சமும் நம்பிக்கையும் தொங்குகின்றன என்று தெரிந்தே மீறும்போதுதான், ஓட்டை என்ற சொல் பொருந்துகிறது.

வாயேஜரில் சிறிது காலம் வேலை செய்து மனம் ஒப்பாமல் வெளியேறியவர் ரொனால்ட் டி. மூர். அவர் பின்னால் 2003-இல் குறுந்தொடராகவும் 2004 முதல் முழுத் தொடராகவும் தந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் முகப்பிலேயே, மனித குலத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்ற எண் வாராவாரம் காட்டப்படும். ஒரு பாத்திரம் செத்தால் எண் குறையும். ஒரு குழந்தை பிறந்தால் கூடும். ஒரு பிழைக்கு இதைவிட நல்ல பதிலை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. ஆனால் அதே மூர் இன்னோரிடத்தில் சறுக்கினார். எதிரிகளிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று முகப்பு எழுத்து வாரம்தோறும் அறிவித்தது. அப்படி ஒரு திட்டம் எழுத்தாளர்கள் கையில் இருக்கவில்லை என்பது பின்னால் அவர்கள் வாயாலேயே வெளிவந்தது. எண்ணில் நேர்மை, மர்மத்தில் கடன். ஒரே தொடர் இரண்டையும் செய்திருக்கிறது.

முழுவதையும் முன்கூட்டியே திட்டமிட்டால் ஓட்டையே விழாதா? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ‘பாபிலோன் 5’ தொடரை ஐந்தாண்டுக் கதையாக வகுத்தார். பெரும்பாலான பகுதிகளைத் தாமே எழுதினார். நடிகர் யாராவது விலகினால் கதை நொண்டாமல் இருக்க ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பின்வாசல் வைத்திருந்தார். அந்த ஏற்பாடு முதல் பருவம் முடிந்ததுமே தேவைப்பட்டது. தலைமைப் பாத்திரத்தில் நடித்த மைக்கேல் ஓஹேர் விலகினார். 1996-இல் அவரை மீண்டும் வரவழைத்து அந்தப் பாத்திரத்தின் கணக்கை அழகாக முடித்தார் எழுத்தாளர். ஆனால் ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்ற சந்தேகத்தில் நான்காம் பருவத்தில் கதையை நெருக்கி ஓட்டவேண்டி வந்தது. பிறகு ஐந்தாம் ஆண்டும் கிடைத்துவிட, அங்கே கதை தளர்ந்தது. வாரத் தொடரின் ஆசிரியர் ஒருபோதும் தனியாக எழுதுவதில்லை. தொலைக்காட்சி நிலையத்தின் முடிவும் நடிகரின் உடல்நிலையும் கூடவே எழுதுகின்றன.

நடிகரின் உடல்நிலையையே கதையின் விதியாக்கிய தொடரும் உண்டு. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கியது. 1966-இல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல் நோயால் நடிக்க முடியாமல் போனபோது, அவர் நடித்த வேற்றுலகவாசி சாகும் தறுவாயில் வேறு உடலோடு எழுவான் என்று கதை வைத்தார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. நம் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகை மாறினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கதை தொடர்கிறது. மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் புதுமுகத்தைப் பார்த்து ஒரு நொடியும் திகைப்பதில்லை. அந்த ஒரு வரியின் நேர்மை எனக்குப் பிடிக்கும். பார்ப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்ட மாற்றம் பிழையாகாது.

டாக்டர் ஹூ விழுந்த குழி வேறு. 1976-இல் ஒரு கதையின் தேவைக்காக, இப்படி உடல் மாறுவது 12 முறைதான் என்று எல்லை போட்டார்கள். அன்றைக்கு நான்காவது நடிகர் நடித்துக்கொண்டிருந்தார்; 12 என்பது எட்டாத தூரம். 2013-இல் அந்தத் தூரம் வந்துவிட்டது. அவனுடைய இனத்தார் புதிதாக ஓர் ஆயுள் சுற்றை வழங்கினார்கள் என்று எழுதி வெளியே வந்தார்கள். அட்லாண்டிஸ் நகரத்தின் அழிவுக்கு 1967, 1971, 1972 என்று மூன்று கதைகளில் மூன்று வெவ்வேறு விளக்கங்கள் தந்ததும் இதே தொடர்தான். 1975-இல் வந்த பகுதியில் ஒரு பாத்திரம் தான் 1980-ஆம் ஆண்டிலிருந்து வருவதாகச் சொல்ல, 1983-இல் வந்த கதையோ அவளோடு பணியாற்றிய படைத்தலைவர் 1977-க்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டதாகக் காட்டியது. இந்தத் தேதிச் சிக்கலை இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை. 2008-இல் தொடரே அதைக் கேலியாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

இந்தக் குழப்பங்களுக்கு ஒரு பின்னணி இருக்கிறது, அதைத் தவறவிட்டால் நம் தீர்ப்பு கோணலாகும். அந்த நாளில் பிபிசி ஒளிபரப்பு முடிந்த ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. டாக்டர் ஹூவின் 1960-களைச் சேர்ந்த 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் அப்படிக் காணாமல் போயின. 2013-இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்தது பெரிய செய்தியானது. 1972-இல் எழுத உட்கார்ந்தவர் 1967-இன் கதையை எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க எளிய வழி இல்லை. பார்ப்பவரும் அப்படித்தான், ஒருமுறை பார்த்தது நினைவில் மட்டும். வீட்டு வீடியோ பரவிய 1980-களுக்குப் பிறகே ஒவ்வொரு வீடும் சரிபார்ப்பு அறையானது. பழைய தொடர்களில் நாம் இன்று காணும் முரண்கள் பலவும், ஒருமுறை மட்டும் பார்க்கப்படும் என்று நம்பி எடுக்கப்பட்ட காட்சிகளை நாம் பலமுறை நிறுத்திப் பார்ப்பதால் தெரிபவை.

தமிழில் இந்தச் சரிபார்ப்பு வீடியோவுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. மணியம் படம் போட்டார். மூன்றரை ஆண்டு, ஐந்து பாகம். கதைக்குள் கழியும் காலமோ ஓர் ஆடிப்பெருக்கில் தொடங்கி ஓராண்டுக்கும் குறைவு. வாசகர் மூன்றரை ஆண்டில் வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றிருப்பார். கதைநாயகன் வந்தியத்தேவன் அதே பருவம் மாறாமல் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். இத்தனை நீண்ட காலம் இத்தனை குறுகிய நாட்களைத் தவறாமல் பிடித்து வைத்திருந்ததே அரிய காரியம். கதை முடிந்த ஏழாம் மாதம், 1954 டிசம்பர் 5-இல், கல்கி காலமானார். நூலாக வந்தது 1955-இல். அதாவது முழுக்கதையையும் ஒருசேர வைத்துக்கொண்டு சாவகாசமாகத் திருத்தும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

அப்படியும் அவர் வாசகர் கேள்விகளுக்கு முகம் கொடுத்தார். கதை பாதியில் நின்றதுபோல இருக்கிறது என்று பலர் குறைப்பட, முடிவுரை எழுதி, பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்ன ஆனாள், வந்தியத்தேவனுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை சொன்னார். தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர்கள் ரசிகர் மாநாடுகளில் செய்ததை, அதற்கு முன்பே பத்திரிகைப் பக்கத்தில் செய்த தமிழ் எழுத்தாளர் அவர்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அவர் மூடியே வைத்தார். இதை ஓட்டை என்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். வரலாற்றிலேயே அது திறந்த புண். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் சகோதரர்களைப் பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. கொலை நடந்தது ஏறத்தாழ 970-ஐ ஒட்டி; கல்வெட்டு 987-ஐ ஒட்டி. இடையில் உத்தம சோழன் ஆட்சி முழுவதும் கழிந்துவிட்டது. ஏன் அத்தனை ஆண்டு? எந்த நாவலாசிரியரும் உண்டாக்காத இடைவெளி இது. கல்கி அதை அடைக்காமல் விட்டது அவருடைய நேர்மை.

உத்தம சோழனாக முடிசூடிய மதுராந்தகன் விஷயம் இன்னும் ஆழமானது. திருவாலங்காட்டுச் செப்பேடு, மக்கள் அருள்மொழியை, அதாவது பின்னாளின் ராஜராஜனை, அரசனாக வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் அதை மனத்தாலும் நினைக்கமாட்டேன் என்று அவன் விலகியதாகச் சொல்கிறது. மதுராந்தகனின் தாய் செம்பியன் மாதேவியோ சிவத்தொண்டின் உருவம்; அவள் வளர்த்த பிள்ளை பதவி ஆசை பிடித்தவனா? அப்படி ஆசை பிடித்தவனுக்குத் தானாக முடியைக் கொடுத்தது தியாகமா, பலவீனமா? ஏடு தரும் முரண் இது. இதற்குக் கல்கி கண்ட விடை, மதுராந்தகன் ஒருவனல்ல இருவர் என்பது. பிறந்தபோதே குழந்தை மாறிவிட்டது. ஆசைப்பட்டவன் வளர்ந்தவன், முடி சூடியவன் உண்மையில் பிறந்தவன், சேந்தன் அமுதன். செப்பேட்டின் இடைவெளியைக் கதை கொண்டு அடைத்திருக்கிறார். கிளிங்கான் நெற்றிக்கு மரபணு விளக்கம் எழுதியவர்கள் செய்ததும் இதே வேலைதான். ஆனால் கல்கியின் விளக்கத்தில் ஒரு தாயின் துயரமும் ஒரு வளர்ப்புத் தாயின் ஊமை அன்பும் இருக்கின்றன. அதனால் அது நிற்கிறது.

குறை இல்லாமலும் இல்லை. தஞ்சைக்கோயிலுக்குப் பூத்தொண்டு செய்துவந்த பிள்ளையை அந்த ஊரே அறியும். அவனே மதுராந்தகன் என்ற பெயரோடு முடிசூடி நிற்கும்போது, சிற்றரசர் கூட்டம் அதை விழுங்கிக்கொள்ளும் வேகம் எனக்கு இன்றும் நெருடுகிறது. அதேபோல நந்தினி யார் பெற்ற பெண் என்பதற்குக் கதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் வந்துபோகின்றன. சொல்பவர்கள் எல்லோரும் எதையோ மறைப்பவர்கள் என்பதால் அதை மன்னித்துவிடலாம் என்று ஒரு தரப்பு. ஆசிரியரே வழியில் மனம் மாற்றிக்கொண்டார் என்று மறு தரப்பு. கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனோடு அவளுக்குள்ள உறவைக் கதை கையாளும் விதத்தைப் பார்க்கும்போது நான் இரண்டாம் தரப்பின் பக்கமே சாய்கிறேன். இது வாயேஜரின் டார்பிடோவை விடக் கனமான சிக்கல்; ஏனென்றால் நந்தினியின் பழி முழுக்க அந்த உறவின் மேல் நிற்கிறது. மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோது, குழந்தை மாற்றத்தையும் சேந்தன் அமுதன் முடிசூடுவதையும் விட்டுவிட்டன. ஓட்டை அடைபட்டது, கூடவே கல்கி கண்ட விடையும் போயிற்று.

வால்நட்சத்திரம் பற்றி ஒரு சொல். கரிகாலனின் சாவுக்கு முன் வானில் தூமகேது தெரிந்ததாகக் கதை சொல்கிறது. அதை ஹாலி வால்நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போட்டால் பொருந்தாது. ஹாலி வந்தது 912-லும் 989-லும். ஆனால் கல்கி அதற்குப் பெயர் வைக்கவில்லை. வானில் வால்நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. வெளியுலக உண்மையோடு கதை மோதுகிறதா என்று பார்க்கும்போது, கதை உண்மையில் என்ன சொன்னது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழுவேட்டரையர் பெயர் விஷயத்திலும் இதுவே என் நிலை. காலாந்தக கண்டர் கல்வெட்டில் இல்லாதது நாவலின் ஓட்டையாகாது. நாவல் தன் விதிப்படி நடக்கிறது. ஆனால் நாவலே வரலாறு என்று பழுவூருக்கு வருபவர், கண்டன் மறவன் ராஜராஜன் காலத்திலும் அந்தக் குடியின் பெருமையோடு அங்கே ஆண்டான் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே திரும்பிப் போனால், இழப்பு அவருக்குத்தான். சோழ மரபுக்கு வெகுகாலம் தோள்கொடுத்த குடி ஒன்று, இரண்டு சதிகாரக் கிழவர்களின் வீடாக மட்டும் நினைக்கப்படுவது வருத்தம் தருகிறது. பழுவூர்க் கோயில்களைச் சுவர் சுவராக ஆராய்ந்து மருத்துவர் இரா. கலைக்கோவன் எழுதியவற்றை நாவலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தமிழில் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷனில் நாடகமாகவும் வந்தது. கதை நடக்கும் காலம் 2021-ஐ ஒட்டியது. ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் படிக்கிறது, பேசுகிறது, சிந்திக்கிறது. 2021 வந்து போய்விட்டது, ஜீவா வரவில்லை, எனவே சுஜாதா பிழை செய்தார் என்று யாராவது சொன்னால் அது சரியான வாசிப்பல்ல. ஸ்டார் ட்ரெக் 1990-களில் நடப்பதாகச் சொன்ன உலகப்போரும் நடக்கவில்லை. 2023-இல் வந்த பகுதி ஒன்று, காலப்பயணிகள் குறுக்கிட்டதால் அந்தத் தேதி தள்ளிப்போயிற்று என்று சமாளித்தது. அந்தச் சமாளிப்புத் தேவையே இல்லை. எதிர்காலக் கதையின் தேதி காலாவதியாவது இயல்பு. ஜீனோவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை அறிவுள்ள இயந்திரத்தை, எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசு எப்படிச் சாதாரண வீட்டில் உலவவிட்டது? கதை தானே வகுத்த கண்காணிப்பு விதியோடு இது மோதுகிறது. சுஜாதாவின் வேகத்தில் படிக்கும்போது தோன்றாத இந்தக் கேள்வி, இரண்டாம் வாசிப்பில் தோன்றுகிறது. சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் கணேஷும் வசந்தும் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய கதைவரிசையில் பல பத்தாண்டுகள் மூப்படையாமல் இருந்ததை நாம் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். அவர்கள் வயதின்மேல் எந்தக் கதையும் நிற்கவில்லை.

கேள்வி இங்கேதான் நடைமுறைச் சிக்கலாகிறது. நாவலைச் சரிபார்க்கப் புத்தகம் கையில் இருக்கிறது. பழுவேட்டரையரைச் சரிபார்க்க ஆயிரம் ஆண்டு தாண்டிய கல் இருக்கிறது. தூர்தர்ஷன் நாடகம் சுஜாதாவின் கதையில் எதை மாற்றியது, ஜீனோவை எப்படி இயக்கினார்கள், வாரத்துக்கு வாரம் எங்கே தடுமாறினார்கள், எங்கே நாவலின் ஓட்டையை அடைத்தார்கள் என்று ஒருவர் ஆய்வு செய்ய விரும்பினால், முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை வரிசையாகப் பார்த்தாக வேண்டும். நினைவை நம்பி எழுதினால் 1970-களின் டாக்டர் ஹூ எழுத்தாளர்கள் சிக்கிய குழியில்தான் நாமும் சிக்குவோம். இந்தி தூர்தர்ஷனில் 1998-இல் வந்த ‘கேப்டன் வியோம்’ முதலான தொடர்களுக்கும் இது பொருந்தும். நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ அறிவியல் புனைவு அல்ல என்றாலும், இரண்டு காலங்களில் ஓடும் மர்மத்தைக் கடைசியில் தடுமாறாமல் கட்டி முடித்த தமிழ்த்தொடர் என்ற வகையில் எழுத்துப் பயிற்சிக்கே பாடமாக வைக்கத்தக்கது. எழுத வருபவர்கள் ஓட்டைகளைப் பார்த்துக் கற்பதைவிட, ஓட்டை விழாமல் கட்டப்பட்டதைப் பார்த்து அதிகம் கற்பார்கள்.

ஆகவே சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன்னிடம் உள்ள பழைய தமிழ்த் தொடர்களை, ஒளிபரப்பான தேதி, எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் விவரங்களோடு பட்டியலிட்டு, முழுமையாகப் பொதுமக்கள் பார்வைக்குத் தர வேண்டும். ‘என் இனிய இயந்திரா’வை அதில் முதலில் வைக்க வேண்டும். வீட்டில் பழைய வீடியோ கேசட்டிலோ, பைண்டு செய்த வாரப் பத்திரிகைத் தொகுப்பிலோ இப்படிப்பட்ட தொடர்களை வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போடாமல் அருகிலுள்ள நூலகத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கோ எழுதிக் கேட்டு ஒப்படையுங்கள்.